பழைய கணினி விளையாட்டுகளின் ஒலிக் கோப்புகளை வேவ் வடிவத்துக்கு மாற்றுதல்: முழுமையான வழிகாட்டி

பல்லடத்தில் உள்ள எங்கள் கணினிக் கடைக்கு, அட்டாலியில் கிடந்த பழைய விளையாட்டு சிடியை எடுத்துக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "எந்தக் கன்வெர்ட்டர் நல்லதுங்கண்ணா?" கன்வெர்ட்டர் இந்த வேலையின் கடைசிக் கட்டத்தில்தான் தேவைப்படும். கோப்பு எந்த இனத்தைச் சேர்ந்தது என்று தெரியாமல் அதை எந்த மென்பொருளில் கொடுத்தாலும், ஒன்று திறக்காது, அல்லது திறந்து தவறான ஒலியைக் கொடுக்கும். இரண்டாவதுதான் ஆபத்தானது, ஏனெனில் தவறு உடனே கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேற்பட்ட இடம் இனம் காண்பதற்கே செல்கிறது.

1. தொடங்கும் முன் கைவசம் இருக்க வேண்டியவை

ஒரு ஹெக்ஸ் எடிட்டர் கட்டாயம் வேண்டும். விண்டோஸில் எச்.எக்ஸ்.டி என்ற இலவச மென்பொருள் போதும். கோப்பில் உள்ள ஒவ்வொரு பைட்டையும் அது இடப்பக்கம் ஹெக்ஸ் எண்ணாகவும் (பதினாறின் அடிப்படையிலான எண்; 10 முதல் 15 வரை ஏ முதல் எஃப் வரையான ஆங்கில எழுத்துகளாக வரும்) வலப்பக்கம் எழுத்தாகவும் காட்டும். இதை நிறுவச் சொன்னால் புதியவர்கள் தயங்குகிறார்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கான கருவி என்று எண்ணிவிடுகிறார்கள். முதல் முப்பது நாற்பது பைட்டுகளையும், சில வேளை கோப்பின் முடிவையும் படிப்பதைத் தவிர வேறு எதற்கும் அதை நாம் பயன்படுத்தப்போவதில்லை.

இரண்டாவது, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள். ஹெட்டர் (கோப்பின் தொடக்கத்தில் அது எப்படிப்பட்டது என்று சொல்லும் குறிப்பு) இல்லாத ஒலியைக் கேட்டுப் பார்ப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. மூன்றாவது, விளையாட்டின் பெரிய தொகுப்புக் கோப்புகளைப் பிரிக்க ஸ்லேட். நான்காவதாக எஃப்.எஃப்.எம்பெக், வி.ஜி.எம்.ஸ்ட்ரீம் ஆகிய இரண்டையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கப்பட்ட ஒலிகளுக்கும் மொத்தமாக மாற்றுவதற்கும் அவை தேவைப்படும். இவை அனைத்தும் காசில்லாமல் கிடைப்பவை.

கூடவே, காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன் ஒன்று வேண்டும். எங்கள் கடையின் பின்சுவரை ஒட்டித் தறிக்கூடம் இருக்கிறது. அந்தச் சத்தத்தில் ஸ்பீக்கரில் கேட்டு "சரியாக இருக்கிறது" என்று நான் அனுப்பிய ஒலிகளில் பாதிக்குமேல் இரைச்சல் இருந்ததை, இரவில் தறி நின்ற பிறகே கண்டேன்.

விளையாட்டின் ஒலிகள் அதை உருவாக்கியவர்களின் உரிமை. சொந்தமாக வாங்கிய பிரதியிலிருந்து சொந்தப் பயன்பாட்டுக்கு எடுப்பதையே இங்கே சொல்கிறேன். எடுத்ததைப் பொதுவில் பகிர்வது வேறு கணக்கு.

2. மூலத்தை நகலெடுத்துப் பூட்டி வைத்தல்

சிடியிலிருந்து நேரடியாக வேலை செய்யாதீர்கள். பழைய சிடி ஒவ்வொரு முறை படிக்கும்போதும் ஒரே மாதிரி படிக்கும் என்று சொல்ல முடியாது. முழு சிடியையும் வன்தட்டில் ஒருமுறை நகலெடுத்து, அந்தக் கோப்புறையைப் படிக்க மட்டும் என்று அமைத்துவிட்டு, அதன் இன்னொரு நகலில் வேலையைத் தொடங்குங்கள். ஆடாசிட்டியில் தவறுதலாக அதே பெயரில் சேமித்து மூலத்தை இழந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இங்கே ஒரு பொறி உண்டு. 1996-இல் வந்த குவேக் போன்ற விளையாட்டுகளில் பின்னணி இசை, கோப்பாக இல்லாமல் சாதாரண ஆடியோ சிடியைப் போலத் தனித் தடங்களாகப் பதியப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட சிடியை ஐ.எஸ்.ஓ கோப்பாக நகலெடுத்தால் தரவுத் தடம் மட்டுமே வரும். இசைத் தடங்கள் விடுபட்டுவிடும். 'பின்' என்றும் 'கியூ' என்றும் பின்னொட்டு கொண்ட இரண்டு கோப்புகளாக நகலெடுக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால் எல்லாத் தடங்களும் சேரும். நகலின் அளவு சிடியில் பயன்பட்ட இடத்தைவிட மிகக் குறைவாக இருந்தால் இதையே முதலில் சந்தேகியுங்கள்.

3. தொகுப்பைப் பிரித்தல்

அக்கால விளையாட்டுகள் நூற்றுக்கணக்கான ஒலிகளையும் படங்களையும் ஒரே பெரிய கோப்புக்குள் அடுக்கி வைத்தன. அதைப் பிரிக்காமல் அப்படியே ஆடாசிட்டியில் இழுத்துப் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. படங்களும் வரைபடங்களும்கூட ஒலியாக ஓடி, இடையில் எங்கோ ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்கும். கேட்டவுடன் வழி கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து அதையே வெட்டி எடுக்கத் தொடங்குவார்கள். வெட்டும் இடம் துல்லியமாக அமையாது. ஒலியின் ஹெட்டரும் கிடைக்காது.

தொகுப்பின் முதல் எழுத்துகளே அதன் இனத்தைச் சொல்லிவிடும். 1993-இல் வெளிவந்த டூம் விளையாட்டின் வாட் கோப்பு ஐ-வாட் அல்லது பி-வாட் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். குவேக்கின் பாக் கோப்பு 'பேக்' என்ற நான்கு எழுத்துகளில் தொடங்கும். டியூக் நியூகம் 3டி விளையாட்டின் கிரப் கோப்பு, அதன் எஞ்சினை எழுதிய கென் சில்வர்மனின் பெயரை இடைவெளி இல்லாமல் 12 எழுத்துகளாகத் தாங்கி நிற்கும். மூன்றையும் ஸ்லேட் திறக்கும்.

கமாண்ட் அண்ட் கான்கர் வரிசையின் மிக்ஸ் கோப்புகள் சற்றுத் தொல்லை தருபவை. அவற்றில் உள்கோப்புகளின் பெயர்கள் இருக்காது. பெயரிலிருந்து கணக்கிட்ட ஓர் எண் மட்டுமே இருக்கும். எக்ஸ்.சி.சி மிக்சர் என்ற கருவி தன்னிடமுள்ள பெயர்ப்பட்டியலோடு அந்த எண்களை ஒப்பிட்டுப் பெயரை மீட்டுத் தரும். பெயர் கிடைக்காத கோப்புகளை எண்ணோடே எடுத்து வையுங்கள். கேட்ட பிறகு பெயர் சூட்டிக்கொள்ளலாம்.

பிரித்தெடுக்கும்போது 'மாற்றி எடு' என்ற வசதி தெரிந்தாலும் முதலில் அதைத் தொடாதீர்கள். மூல வடிவிலேயே எல்லாவற்றையும் ஒரு கோப்புறையில் கொட்டுங்கள். பின்னால் ஏதேனும் ஒன்று தவறாகக் கேட்டால், பிழை பிரித்ததிலா மாற்றியதிலா என்று பிரித்தறிய இந்த இடைநிலைக் கோப்புறை ஒன்றுதான் சாட்சி.

4. முதல் பைட்டுகளைப் படித்து இனம் காணுதல்

ஈரோட்டுச் சந்தையில் மஞ்சள் வாங்குபவர் மூட்டையின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு விலை பேசுவதில்லை. ஒரு விரலியை எடுத்து உடைத்து, உள்நிறத்தைப் பார்த்த பிறகே வாய் திறப்பார். கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் மூன்றெழுத்து, மூட்டையின் மேல் எழுதியிருப்பது போன்றதுதான். அதை மாற்றி எழுதுவதால் உள்ளே எதுவும் மாறாது. எங்களிடம் பழக வந்த சோமனூர்த் தம்பி ஒருவர், அறுபது கோப்புகளின் பின்னொட்டை வேவ் என்று மாற்றி எழுதிவிட்டு, "கன்வெர்ட் பண்ணியாச்சுங்கண்ணா, ஆனா ஒண்ணும் ஓடலைங்க" என்று வந்து நின்றார். அவற்றில் எது முன்பு என்னவாக இருந்தது என்று மீட்கவே ஒரு பகல் போயிற்று.

எனவே ஒவ்வொரு வகையிலும் ஒரு கோப்பையாவது ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பாருங்கள். வலப்பக்கத்தில் 'ரிஃப்' என்ற நான்கு எழுத்துகளும், கோப்பின் தொடக்கத்திலிருந்து எட்டு பைட்டுகள் தள்ளி 'வேவ்' என்ற நான்கு எழுத்துகளும் தெரிந்தால் அது ஏற்கெனவே வேவ் கோப்பு. குவேக்கின் ஒலிகள் இப்படிப்பட்டவை. அவற்றைப் பிரித்தெடுத்தாலே போதும்.

ஆனால் வேவ் என்பது ஒரு பெட்டிதான். உள்ளே சுருக்கப்பட்ட ஒலியும் இருக்கலாம். வழக்கமான அமைப்பில், பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 20-ஆம் பைட்டில் 01 இருந்தால் சுருக்காத பி.சி.எம் ஒலி. 02 என்றால் மைக்ரோசாஃப்ட் ஏ.டி.பி.சி.எம் என்ற சுருக்க முறை. ஹெக்ஸில் 11, அதாவது நம் கணக்கில் 17 என்றால் ஐ.எம்.ஏ ஏ.டி.பி.சி.எம். பின்னிரண்டையும் சில மென்பொருள்கள் ஏற்க மறுக்கும். "வேவ்தான், ஆனாலும் திறக்கவில்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

'கிரியேட்டிவ் வாய்ஸ் ஃபைல்' என்று ஆங்கிலத்தில் முழுதாக எழுதியிருந்தால் அது சவுண்ட் பிளாஸ்டர் அட்டைகளின் வி.ஓ.சி கோப்பு. இதற்கு 6-ஆம் பகுதியைப் பாருங்கள்.

'எம்-டி-எச்-டி' என்று தொடங்கினால் மிடி; 'எம்-யு-எஸ்' என்று தொடங்கினால் டூமின் இசை. இவை இரண்டும் ஒலிப்பதிவே அல்ல. எந்த வாத்தியம், எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்ற குறிப்பு மட்டுமே உள்ளே இருக்கிறது. வாசிப்பதற்கு வாத்தியக்காரர் வேண்டும். ஃப்ளூயிட்சிந்த் போன்ற மென்பொருளில் ஒரு சவுண்ட்ஃபான்ட்டை (வாத்திய ஒலிகளின் தொகுப்பை) கொடுத்து வாசிக்கவைத்துப் பதிவு செய்யலாம். எந்த சவுண்ட்ஃபான்ட்டைக் கொடுக்கிறீர்களோ அதற்கேற்ப இசை மாறும் என்பதால், சிறு வயதில் கேட்டதுபோல இல்லையே என்று மாற்றும் கருவியைக் குறை சொல்வதில் பயனில்லை.

டூமின் வாட் கோப்புக்குள் டி.எஸ் என்று தொடங்கும் பெயர்கள் ஒலிகள். டி.பி என்று தொடங்குபவை, ஒலி அட்டை இல்லாத கணினிகளின் உள் ஸ்பீக்கருக்காக எழுதிய சுரக் குறிப்புகள், நமக்குத் தேவையில்லை. இரண்டுக்கும் பெயரில் ஓர் எழுத்துதான் வேறுபாடு என்பதால் புதியவர்கள் இவற்றையும் சேர்த்து மாற்றிவிட்டு, வெறும் 'டிக்' சத்தம்தான் வருகிறது என்று திகைக்கிறார்கள்.

ஒரு கோப்பைக் கிட்டத்தில் பார்ப்போம். டூமின் கைத்துப்பாக்கி ஒலியைத் திறந்தால் முதல் நான்கு பைட்டுகள் 03, 00, 11, 2பி என்று இருக்கும். முதல் இரண்டும் வகை எண் 3. அடுத்த இரண்டு சாம்பிள் ரேட், அதாவது ஒரு விநாடி ஒலிக்கு எத்தனை சாம்பிள்கள் (ஒலி அளவீடுகள்) என்ற எண். இந்தக் கணினிகள் சிறிய பைட்டை முன்னால் எழுதும் வழக்கம் உடையவை. எனவே திருப்பிப் படித்தால் 2பி11, அதாவது 11025. அதன்பின் வரும் நான்கு பைட்டுகள் சாம்பிள்களின் எண்ணிக்கை. ஹெட்டர் இவ்வளவுதான், 8 பைட்டுகள். அதற்குப் பிறகு 16 பைட்டுகளும் கோப்பின் முடிவில் 16 பைட்டுகளும் வெறும் நிரப்பு. எனவே உண்மையான ஒலி 24-ஆம் பைட்டில் தொடங்குகிறது. இந்த ஒரு கோப்பைப் படித்துப் பழகியவர்களுக்கு மற்றவை கடினமாகத் தெரிவதில்லை.

5. ஹெட்டர் இல்லாத ஒலியைத் திறத்தல்

முதல் பைட்டுகளில் எந்த அடையாளமும் இல்லாமல், 7எஃப், 80, 81, 80 என்று 80-ஐ ஒட்டியே எண்கள் ஆடிக்கொண்டிருந்தால், அது பெரும்பாலும் ஹெட்டர் இல்லாத 8 பிட் அன்சைன்டு (எதிர்ம எண் இல்லாத) ஒலி. அந்த வகையில் அமைதிக்கு உரிய எண் 128. ஹெக்ஸில் அதுவே 80. மாறாக 00, 01, எஃப்எஃப், எஃப்இ என்று பூஜ்யத்தின் இருபுறமும் ஆடினால் சைன்டு வகை. அமிகா கணினியிலிருந்து வந்த ஒலிகளில் இதைக் காணலாம். கோப்பின் தொடக்கமும் முடிவும் பொதுவாக அமைதியாக இருக்கும் என்பதால் இந்தச் சோதனையை அங்கே செய்யுங்கள். நடுவில் பார்த்தால் குழப்பமே மிஞ்சும்.

ஆடாசிட்டியில் ஃபைல் மெனுவில் இம்போர்ட் என்பதற்குள் ரா டேட்டா என்ற தேர்வு இருக்கிறது. கோப்பைக் கொடுத்தவுடன் ஒரு பெட்டி திறந்து என்கோடிங், பைட் ஆர்டர், சேனல், தொடக்க ஆஃப்செட் (எத்தனை பைட்டுகளைத் தாண்டித் தொடங்க வேண்டும்), சாம்பிள் ரேட் ஆகியவற்றைக் கேட்கும். முதல் முயற்சியாக 8 பிட் அன்சைன்டு, மோனோ, 11025 என்று கொடுங்கள். டாஸ் விளையாட்டுகளில் இந்தச் சேர்க்கையை அடிக்கடி காணலாம். ஆஃப்செட்டில் ஹெட்டர், நிரப்பு என ஒலிக்கு முன்னால் உள்ள மொத்த பைட்டுகளின் எண்ணிக்கையைக் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன டூம் ஒலிக்கு 24. இதைப் பூஜ்யமாகவே விட்டால் ஹெட்டரின் பைட்டுகளும் ஒலியாக ஓடி, தொடக்கத்தில் ஒரு 'டப்' சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை விளையாட்டில் உள்ளதாகவே பலர் எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள்.

தவறாகக் கேட்கும்போது கண்டபடி ஒவ்வொரு தேர்வையும் மாற்றிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தவறுக்கும் தனிக்குரல் உண்டு. ஒலி தெளிவாக இருந்து, எலி கத்துவதுபோல வேகமாக ஓடினால் சாம்பிள் ரேட் கூடுதல். இழுத்து இழுத்துப் பேசினால் குறைவு. இரண்டிலும் மற்ற அமைப்புகள் சரியாகவே உள்ளன. அவற்றைத் தொட வேண்டாம். பேச்சு புரிகிறது, ஆனால் அதன்மேல் முரட்டுக் கரகரப்பு ஏறியிருக்கிறது, அலைவடிவம் திரையின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் சைன்டு, அன்சைன்டு இரண்டும் இடம் மாறியிருக்கின்றன.

தறி ஓடுவதைப் போன்ற ஓயாத இரைச்சலும், அதன் அடியில் எங்கோ ஒலியின் நிழலும் கேட்டால், 16 பிட் ஒலியில் பைட்டுகளின் வரிசை மாறியிருக்கிறது, அல்லது ஆஃப்செட் ஒரு பைட் பிசகியிருக்கிறது. பைட் ஆர்டரை லிட்டில் எண்டியனிலிருந்து (சிறிய பைட் முன்னால்) பிக் எண்டியனுக்கு (பெரிய பைட் முன்னால்) மாற்றிப் பாருங்கள். சரியாகாவிட்டால் ஆஃப்செட்டில் ஒன்றைக் கூட்டுங்கள். ஒலியின் வடிவமே இல்லாமல், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கனத்தில் இரைச்சல் மட்டும் இருந்தால் அது சுருக்கப்பட்ட கோப்பு. அதை ரா டேட்டாவாகத் திறந்து எத்தனை மணி நேரம் முயன்றாலும் ஒலி வராது. 7-ஆம் பகுதிக்குச் செல்லுங்கள்.

மோனோ ஒலியை ஸ்டீரியோவாகத் திறந்தால் அது பாதி நேரத்தில் ஓடி முடிந்துவிடும். வேகமாகக் கேட்பதால் சாம்பிள் ரேட்டைப் பாதியாக்கி "சரிசெய்து" விடுவது எளிதில் நிகழும் பிழை. கேட்பதற்கு ஏறக்குறையச் சரியாகவே இருக்கும். ஆனால் ஒரு சாம்பிள் இடக்காதுக்கும் அடுத்தது வலக்காதுக்கும் பங்கு போடப்பட்டு, ஒலி மங்கிவிடும். வேகத்தில் சரியாக இரு மடங்கு வேறுபாடு தெரிந்தால், சாம்பிள் ரேட்டைத் தொடும் முன் சேனல் எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.

6. வி.ஓ.சி கோப்புகள்

இவற்றில் ஹெட்டர் உண்டு என்பதால் ஆடாசிட்டியும் எஃப்.எஃப்.எம்பெக்கும் நேரடியாகத் திறக்கும். ஆனாலும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, சாம்பிள் ரேட். 26 பைட் ஹெட்டருக்குப் பின் முதல் ஒலித் துண்டு தொடங்குகிறது. அதன் வகை எண்ணுக்கு ஒரு பைட், நீளத்துக்கு மூன்று பைட்டுகள், அடுத்து 30-ஆம் பைட்டில் வேகத்துக்கான எண். அது நேரடியான சாம்பிள் ரேட் அன்று. 256-இலிருந்து அந்த எண்ணைக் கழித்து, வரும் விடையால் 10 லட்சத்தை வகுக்க வேண்டும். எண் 165 என்றால் 10,00,000-ஐ 91-ஆல் வகுத்து 10989 கிடைக்கும். 166 என்றால் 11111. இந்த முறையில் 11025 என்ற எண்ணைத் துல்லியமாக எழுதவே முடியாது. ஆகவே ஆடாசிட்டி 11111 என்று காட்டினால் அது கோளாறு அன்று.

11025-க்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, காதுக்குத் தெரியாது. மற்ற ஒலிகளோடு சேர்த்துப் பயன்படுத்த எல்லாம் 11025 என்று இருக்க வேண்டுமானால், தடத்தின் பெயரருகே உள்ள பட்டியலில் ரேட் என்ற இடத்தில் எண்ணை மாற்றுங்கள். அது பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும். சாம்பிள்கள் அப்படியே இருக்கும். ரீசாம்பிள் என்ற கட்டளை சாம்பிள்களையே புதிதாகக் கணக்கிட்டுவிடும். இரண்டும் ஒன்று என்று எண்ண வேண்டாம்.

இரண்டாவது, வி.ஓ.சி கோப்பு பல துண்டுகளால் ஆனது. ஒலித் துண்டுகளுக்கு இடையே 'இவ்வளவு நேரம் அமைதி' என்ற துண்டும், 'இதிலிருந்து இதுவரை திரும்ப ஓட்டு' என்ற துண்டும் வரலாம். சில மென்பொருள்கள் முதல் துண்டை மட்டும் படித்துவிட்டு நின்றுவிடும். மாற்றிய ஒலி கோப்பின் அளவுக்குப் பொருந்தாமல் சுருக்கென முடிந்தால், அதே கோப்பை வேறொரு மென்பொருளில் திறந்து நீளத்தை ஒப்பிடுங்கள்.

7. சுருக்கப்பட்ட ஒலிகள்

கமாண்ட் அண்ட் கான்கரின் ஏ.யு.டி கோப்புகள் இந்த வகை. முதல் இரண்டு பைட்டுகள் 22, 56 என்று இருக்கும். திருப்பிப் படித்தால் 22050. ஹெட்டர் 12 பைட்டுகள். அதன் கடைசி பைட்டில் 63, அதாவது 99 இருந்தால் ஐ.எம்.ஏ ஏ.டி.பி.சி.எம். அதன்பின் ஒலி துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டின் ஹெட்டரிலும் ஏஎஃப், டிஇ, 00, 00 என்ற நான்கு பைட்டுகள் திரும்பத் திரும்பத் தெரியும். அதைத் திருப்பிப் படித்தால் ஆங்கிலத்தில் 'செவிடு' என்று பொருள்படும் சொல் வரும். எழுதியவரின் குறும்பு நமக்கு நல்ல அடையாளமாகிவிட்டது. எஃப்.எஃப்.எம்பெக் இவற்றை நேராக வேவ் ஆக மாற்றித் தரும்.

1997-இல் வந்த ஃபால்அவுட், அடுத்த ஆண்டின் பால்டர்ஸ் கேட் ஆகியவற்றின் ஏ.சி.எம் கோப்புகளுக்கும் எஃப்.எஃப்.எம்பெக் போதும். இவற்றில் ஹெட்டரில் உள்ள சேனல் எண்ணிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். மாற்றிய பேச்சு வேகமாகவோ மெதுவாகவோ ஓடினால், 5-ஆம் பகுதியில் சொன்ன மோனோ, ஸ்டீரியோ குழப்பத்தை முதலில் நினைத்துப் பாருங்கள்.

எதிலும் சேராத கோப்புகளை வி.ஜி.எம்.ஸ்ட்ரீமிடம் கொடுங்கள், நூற்றுக்கணக்கான விளையாட்டு வடிவங்களை அது அறியும். ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள்: திரும்பத் திரும்ப ஓடும்படி குறிக்கப்பட்ட இசையை அது தானாகவே இருமுறை ஓட்டி, கடைசியில் 10 விநாடி மங்கவைத்து எழுதும். உங்களுக்குத் தேவை மூல ஒலி மட்டுமே என்றால், மீளோட்டத்தைப் புறக்கணிக்கும் தேர்வைக் கொடுக்க வேண்டும்.

8. வேவ் ஆக எழுதும்போது

எல்லாம் சரியாகத் திறந்த பிறகு, கடைசிப் படியில் கெடுத்துக்கொள்வதுதான் மனத்துக்கு வருத்தம் தருவது. ஆடாசிட்டியின் முந்தைய பதிப்புகளில் ஏற்றுமதியின் சாம்பிள் ரேட்டைத் திரையின் கீழ் இடப்புறத்தில் உள்ள புராஜெக்ட் ரேட் தீர்மானிக்கும். புதிய பதிப்புகளில் ஏற்றுமதிப் பெட்டியிலேயே கேட்கும். அது 44100 என்று இருந்தால் உங்கள் 11025 ஒலி நான்கு மடங்கு பெருத்து வெளிவரும். தரம் உயராது; 11025 ஒலியில் 5500 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே எதுவும் பதிவாகியிருக்கவே முடியாது, இல்லாததை எண்ணைப் பெருக்கி வரவழைக்க இயலாது. மூல வீதத்தையே கொடுங்கள்.

அடுத்து, டிதர். ஆடாசிட்டி ஏற்றுமதி செய்யும்போது, பிட் எண்ணிக்கை குறைவதால் எழும் கரகரப்பை மறைக்க மெல்லிய இரைச்சலைத் தானாகச் சேர்க்கும். 24 பிட் பாட்டுப் பதிவுக்கு அது நல்லதே. 8 பிட் ஒலியை மீண்டும் 8 பிட்டாகவே எழுதும்போது அதே இரைச்சல் நன்றாகவே காதில் விழும். பிரஃபரன்சஸில் குவாலிட்டி என்ற பக்கத்தில் உயர்தர மாற்றத்துக்கான டிதரை 'நன்' (எதுவுமில்லை) என்று வைத்துவிடுங்கள். அதன்பின் 8 பிட்டாக எழுதினாலும் 16 பிட்டாக எழுதினாலும் மூலத்தில் இருந்த எதுவும் இழக்கப்படாது. நான் 16 பிட் சைன்டு பி.சி.எம் என்பதையே தேர்ந்தெடுக்கிறேன். அதை மறுக்கும் மென்பொருளை இதுவரை கண்டதில்லை.

ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியே நார்மலைஸ் செய்யாதீர்கள், அதாவது உச்ச உரப்புக்கு உயர்த்தாதீர்கள். காலடிச் சத்தமும் வெடிச் சத்தமும் ஒரே உரப்பில் வந்து நிற்கும். எம்.பி.3 ஆகவும் மாற்ற வேண்டாம். அது தொடக்கத்திலும் முடிவிலும் சிறு வெற்றிடத்தைச் சேர்ப்பதால், மீண்டும் மீண்டும் ஓட வேண்டிய ஒலி ஒவ்வொரு சுற்றிலும் திக்கும். இடம் குறைய வேண்டுமென்றால், எதையும் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவத்தைக் கொள்ளுங்கள்.

9. மொத்தமாக மாற்றுதல்

மூன்று நான்கு கோப்புகளைக் கையால் மாற்றி, கேட்டு, திருப்தியடைந்த பிறகே மொத்த வேலைக்கு வாருங்கள். முதலில் கோப்புகளை இனவாரியாகத் தனிக் கோப்புறைகளில் பிரியுங்கள். இதைச் செய்யாமல் நான் ஒருமுறை டூம் ஒலிகள் அனைத்தையும் 11025 என்ற ஒரே அமைப்பில் ஓட்டிவிட்டேன். பொருள்கள் மீண்டும் தோன்றும்போது வரும் ஒலி மட்டும் 22050-இல் இருந்திருக்கிறது. அது பாதி வேகத்தில் முனகிக்கொண்டு வெளிவந்ததை, வேலையை ஒப்படைத்த பிறகே அறிந்தேன். டூமைப் பொறுத்தவரை ஸ்லேட்டுக்குள் உள்ள வேவ் ஆக மாற்றும் வசதி ஒவ்வொரு ஹெட்டரையும் படித்தே வேலை செய்வதால், மொத்தமாக மாற்ற அதுவே நல்லது. மூல வடிவ நகல் கையில் இருப்பதால் இப்போது அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

எஃப்.எஃப்.எம்பெக்கைக் கட்டளை வரியில் இயக்குபவர்கள் ஒரு விதியை மறக்கக் கூடாது. உள்ளீட்டுக் கோப்பின் பெயருக்கு முன்னால் கொடுக்கும் அமைப்புகள் உள்ளே வரும் ஒலி எப்படிப்பட்டது என்று விவரிக்கின்றன. பின்னால் கொடுப்பவை வெளியே போகும் ஒலி எப்படி இருக்க வேண்டும் என்று ஆணையிடுகின்றன. ஹெட்டர் இல்லாத கோப்புக்கு 11025 என்ற எண்ணைப் பின்னால் கொடுத்தால், உள்ளே வருவதை வேறு வீதமாக அது எண்ணிக்கொண்டு 11025-க்கு மாற்றிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. ஒலி மட்டும் வேகம் தவறி இருக்கும்.

வெளியீட்டுக்கு எப்போதும் வேறு கோப்புறையைக் கொடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உள்ள நாளில் பெரிய தொகுதியைத் தொடங்க வேண்டாம். பாதியில் நின்றால் கடைசியாக எழுதிக்கொண்டிருந்த வேவ் கோப்பின் ஹெட்டரில் நீளம் சரியாகப் பதிவாகியிருக்காது. சில மென்பொருள்கள் அதை வெற்றுக் கோப்பு என்றே காட்டும். கரண்ட் வந்தவுடன் அந்தக் கடைசிக் கோப்பை அழித்துவிட்டு, அதிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

10. சரிபார்த்தல்

முதலில் எண்ணிக்கை: உள்ளே போனவையும் வெளியே வந்தவையும் ஒத்திருக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்து பின்னொட்டு மட்டும் வேறுபட்ட இரண்டு கோப்புகள் ஒரே கோப்புறையில் இருந்தால், ஒன்றின் மேல் மற்றொன்று எழுதப்பட்டு எண்ணிக்கை குறையும்.

அடுத்து நீளம். சுருக்கப்படாத ஒலிக்குக் கணக்கு எளிது: ஹெட்டரை நீக்கிய பைட்டுகளின் எண்ணிக்கையைச் சாம்பிள் ரேட்டால் வகுக்க வேண்டும், 16 பிட்டானால் மேலும் இரண்டால், ஸ்டீரியோவானால் இன்னும் இரண்டால். 33,075 பைட்டுகள் உள்ள 8 பிட் மோனோ ஒலி 11025-இல் சரியாக 3 விநாடிகள் ஓட வேண்டும். ஆடாசிட்டி ஒன்றரை விநாடி காட்டினால், காதில் கேட்பதற்கு முன்பே பிழை தெரிந்துவிட்டது.

கடைசியாகக் கேட்டல். எல்லாவற்றையும் கேட்க நேரமில்லை என்றால் ஒவ்வொரு இனத்திலும் மிகச் சிறியது, மிகப் பெரியது, மனிதர் பேசும் ஒலி ஒன்று என மூன்றையாவது கேளுங்கள். பேச்சைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: வெடிச் சத்தம் பாதி வேகத்தில் ஓடினாலும் வெடிச் சத்தமாகவே தோன்றும், மனிதக் குரலின் வேகம் தவறினால் காது உடனே கண்டுகொள்ளும். ஐயம் எழுந்தால் விளையாட்டையே டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் மென்பொருள்) ஓட்டி, அதே ஒலி வரும் இடத்தை அடைந்து, இரண்டையும் ஹெட்ஃபோனில் மாற்றி மாற்றிக் கேளுங்கள். வேறுபாடு இருந்தால் இடைநிலைக் கோப்புறையில் உள்ள அந்த ஒரு கோப்பை எடுத்து, 4-ஆம் பகுதியிலிருந்து மறுபடி தொடங்கினால் போதும். மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை.